மாவு படாத இடம்

பன் கடை நடத்துகிற பன்னக்காவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மைதா மூட்டை இறக்குகிறவன், "புது மூட்டைதான் அக்கா" என்று சத்தியம் செய்தாலும், மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். முட்டைக்காரர் இருபது வருஷமாக அந்தக் கடைக்கு முட்டை போடுகிறார். இன்றைக்கும் வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டு, மிதக்கிறதா முழுகுகிறதா என்று பார்க்காமல் அவள் ஒன்றைக்கூட உடைக்க மாட்டாள். முட்டைக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தும் வாளிக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பார்.

அவளுடைய புருஷன், அடுப்பில் நிற்கிற மனுஷன், அவளுக்கு வைத்த பெயர் உளவுத்துறை. "உளவுத்துறை மாடியில இருந்து இறங்குது, எல்லாரும் உஷார்" என்பார். எல்லாரும் என்றால் அவரும் மகளும்தான். வேறு ஆள் வைத்துக்கொள்ள அவள் சம்மதித்ததே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் மத்தியானம் மகள் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசியது மகளுடைய பேராசிரியை. "உங்க பொண்ணு ரொம்பத் திறமைசாலிங்க. இளம் ஆய்வாளர்களுக்கு, முக்கியமா பெண்களுக்கு, ஒரு ஊக்கத் திட்டம் வந்திருக்கு. எங்க கூடத்துக்கு ஒரே ஒரு இடம். நான் அவ பேரைத்தான் கொடுத்திருக்கேன். கிடைச்சா மூணு வருஷம் தனி மேஜை, தனிச் சாமான், அவளே யோசிச்சு அவளே செய்யலாம்." வேறொரு தாயாக இருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். பன்னக்கா, "சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"இதுல இந்தம்மாவுக்கு என்ன லாபம்?"

"ஏம்மா, ஒருத்தங்க நல்லது சொன்னா நல்லதுன்னு எடுத்துக்கவே மாட்டியா?" என்றார் அடுப்புக்காரர், சூடான தட்டை இழுத்துக்கொண்டே.

"சும்மா யார் சொல்லுவாங்க? இந்த உலகத்துல சும்மா கிடைக்கிறது காத்து ஒண்ணுதான். அதுலயும் புகை."

அந்த வீட்டில் காற்றில் புகையைவிட மாவுதான் அதிகம். முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, மரப்படி ஏறினால் மேலே இரண்டு அறை. காற்றாடி இறக்கையில் மாவு, ரேடியோவின் தலையில் மாவு, தலையணை உறையை உதறினால் மாவு. காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி வெள்ளையாகக் கிடக்கும். துடைக்கிறது அவள் வேலை, படிகிறது மாவின் வேலை, இரண்டு பேரும் சளைக்கவில்லை.

மகளுக்கு இருபத்தாறு வயசு. வீட்டில் இன்னமும் பாப்பாதான். தோல் செல்களைக் குடுவைக்குள் வைத்து வளர்க்கிற வேலை அவளுக்கு. தீப்பட்ட தோல் எப்படி மறுபடி மூடிக்கொள்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும், உங்கப்பா கையை வெச்சே படிக்கலாமே" என்று பன்னக்கா ஒரு தரம் கேட்டாள். முழங்கை வரைக்கும் அடுப்பு சுட்ட தழும்புதான் அவருக்கு. பாப்பா சிரித்தாள், ஆனால் விளக்கவும் செய்தாள். ரோஜா நிறத் தண்ணீரில் செல்கள் வளரும். அதற்கு வேளாவேளைக்குத் தீனி மாற்ற வேண்டும். பண்டிகை, லீவு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள்தான் குடுவைகளை வைப்பார்கள். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி விழுந்தாலும் முடிந்தது. தண்ணீர் கலங்கிவிடும், மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். ஒரு குடுவை பத்து நாள் தெளிவாக நின்றால் ஒரு சோதனை முடிந்ததாகக் கணக்கு. திட்டத்தில் இடம் வேண்டுமானால் மூன்று சோதனையாவது சுத்தமாகக் காட்ட வேண்டும்.

அவள் தனியாக வளர்த்த முதல் குடுவை ஆறாம் நாள் கலங்கியது. யாருக்கும் நடப்பதுதான் என்று மேடம் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கலங்கிய அன்று, இருட்டின பிறகு வருகிற பாப்பா மூன்று மணிக்கே கடை வாசலில் வந்து நின்றாள். பன்னக்கா மத்தியானத்துப் பன்களுக்கு முட்டை தடவிக்கொண்டிருந்தாள். மகளின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"போச்சும்மா."

"என்னடி போச்சு? பையா?"

"குடுவை. மறுபடியும் கலங்கிடுச்சு."

தடவுகிற பிரஷ் நின்றது. பன்னக்கா கையைத் துடைத்துக்கொண்டு, மகளை மூட்டை மேல் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"அந்தப் பெட்டிக்குப் பூட்டு இருக்கா?"

"பூட்டெல்லாம் கிடையாதும்மா. எல்லாரும் திறப்பாங்க."

"எல்லாரும்னா எத்தனை பேரு?"

"நான், மேடம், அப்புறம் சீனியர்."

"நீ அடிக்கடி சொல்லுவியே, அந்தத் தாடிக்காரனா?"

"ம்."

"அவன் குடுவை எங்க இருக்கும்?"

"எனக்குக் கீழ்த் தட்டுல."

"அது கலங்குச்சா?"

பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

"உனக்கு இடம் இல்லைன்னா அந்த இடம் யாருக்குப் போகும்?"

"அம்மா, அப்படியெல்லாம்..."

"யாருக்குப் போகும்னு கேட்டேன்."

"அவருக்குத்தான்."

"இவ்வளவுதான் விஷயம்" என்று பன்னக்கா எழுந்தாள். "மேல் தட்டுல இருக்கிறது மட்டும் ரெண்டு தடவை கெட்டுப்போகுமாம், கீழ்த் தட்டுல இருக்கிறது கல்லு மாதிரி நிக்குமாம். யார் காதுல பூ சுத்துறான்?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா. எனக்குக் குடுவை பிடிக்கவே அவர்தான் சொல்லிக் கொடுத்தார்."

"சொல்லிக் கொடுப்பான். கூடவே இருந்தாத்தானே எங்க கை வெக்கலாம்னு தெரியும்!"

அடுப்புப் பக்கமிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "பாக்காத ஆள் மேல பழி போடாதம்மா."

"பாத்துட்டு வரேன். எப்ப வரலாம் சொல்லு."

பாப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டார் நாள் என்றாள். ஆராய்ச்சிக்கு வருகிற பெண்களின் அப்பா அம்மா, மாமியார் மாமனார், புருஷன் எல்லாரையும் கூப்பிட்டு, கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்களாம். இத்தனை நாள் அதை அவள் சொல்லவேயில்லை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியையும் பன்னக்கா மனதில் குறித்துவைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மகளை உட்காரவைத்துப் புகார்க் கடிதம் எழுதச் சொன்னாள். தேதி வாரியாக, எந்த நாள் எந்த நேரம் தாடிக்காரன் அந்தப் பெட்டியைத் திறந்தான் என்று. "வெள்ளிக்கிழமை நானும் கூட நிக்கிறேன். என் முன்னாடி மேடம் கையில கொடு. நான் இருந்தா மூடி மறைக்க முடியாது." பாப்பா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மாடிக்குப் போய் எழுதுகிறேன் என்று போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் பன்னக்காவுக்கு மகள் மீதும் ஒரு கண் இருந்தது. அடுப்புக்காரருக்குப் போன வருஷம் தோள்பட்டை பிடித்துக்கொண்டதிலிருந்து விடியலில் மாவு பிசைகிறது பாப்பாதான். நாலரைக்கு இறங்கி, நேற்றைய மாவில் ஒரு உருண்டையைக் கரைத்து, மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ட் போட்டு, இடுப்பு உயரத் தொட்டியில் குனிந்து ஆறு மணி வரை பிசைவாள். பிறகு குளித்துவிட்டு பஸ் பிடிப்பாள். அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். ஆனால் கொஞ்ச நாளாக இரண்டு தடவை குளிக்கிறாள். முடியைத் துணியால் இறுக்கி மூடிக்கொண்டு பிசைகிறாள். வேலைக்குப் போட்டுப்போகிற உடுப்பை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, பின்கட்டில் தனியாகத் தொங்கவிடுகிறாள். ஒரு நாள் நகத்தை வேறு ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள்.

"யாரோ ஒருத்தன் இருக்கான்" என்றாள் பன்னக்கா புருஷனிடம்.

"இருந்தா நல்லதுதானே."

"யாருன்னு தெரியாம எப்படி நல்லது? ரெண்டு தடவை குளிக்கிறா! என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட நான் ஒரு தடவைதான் குளிச்சேன்."

"அதான் தெரியுமே" என்றார் அவர். அவள் கையில் கிடைத்த பன்னை அவர் மேல் எறிந்தாள். அவர் அதைப் பிடித்துத் தின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடையை அவரிடம் விட்டுவிட்டு, மகளோடு பஸ் ஏறினாள். ஒன்றரை மணி நேரப் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்று அடிக்க அடிக்கப் போனாள். கைப்பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதில் சலித்த மாவு. கடையில் சர்க்கரை டப்பாவை யார் திறக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவள் கைகண்ட வழி அதுதான். மூடி மேல் லேசாகத் தூவிவிட்டால் போதும், தொட்ட கை தானாக அகப்படும். புருஷன் அப்படித்தான் பலமுறை கையும் களவுமாகச் சிக்கியிருக்கிறார். அந்தச் சூட்டுப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிட்டிகை தூவிவிட வேண்டும், பிறகு தாடிக்காரனின் விரலைப் பார்க்க வேண்டும். மகளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

ஆராய்ச்சிக்கூடம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. நீளமான நடை, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவுகள், தரையில் ஒரு தூசி இல்லை. அவள் குனிந்து விரலால் தொட்டே பார்த்தாள். மேடம் குட்டை முடி வைத்த, வேகமாக நடக்கிற அம்மாள். கை கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"சொந்தத் தொழில்" என்றாள் பன்னக்கா. வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது அவள் மகளுக்கும் சின்ன வயதிலிருந்து போட்ட சட்டம்.

பதினைந்து இருபது குடும்பம் வந்திருந்தது. மேடம் நின்று பேசினார். படிக்கிற வரைக்கும் பெண்கள் பாதிக்குப் பாதி வருகிறார்கள், மூன்றாவது வருஷத்தில் எண்ணினால் கால்வாசிகூட இல்லை, அவர்கள் யாரும் மூளை இல்லாமல் போகவில்லை, வீட்டில் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது என்றார். "அந்த ஒண்ணு என்னன்னு அவங்க எங்ககிட்ட சொல்றதே இல்லை. சொன்னா வழி பண்ணலாம்." பன்னக்காவுக்குச் சுருக்கென்றது. நம்மைத்தான் குத்திக் காட்டுகிறாளோ? நாம் என்ன இழுத்தோம்? டீயோடு கொடுத்த பன்னைக் கடித்துப் பார்த்தாள். நேற்றைய பன்.

எல்லாரும் படம் காட்டுகிற அறைக்குப் போனபோது அவள் பின்தங்கினாள். செல் அறை எது என்று மகள் கண்ணாடி வழியாகக் காட்டியிருந்தாள். அதற்கு முன்னால் குடுவை கழுவுகிற சின்ன அறை ஒன்று. அதற்குள் பூனை மாதிரி நுழைந்து, பையைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, செல் அறைக் கதவுக்குக் கை நீட்டினாள்.

கதவு உள்ளிருந்து திறந்தது. தாடிக்காரன் நின்றான். கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு குடுவை.

"அம்மா, இங்க யாரும் வரக் கூடாதே. வழி தெரியலையா?" என்றான். பிறகு அவள் கையைப் பார்த்தான். "கையில என்ன அது?"

திருடனைப் பிடிக்க வந்தவள் திருடி மாதிரி நின்றாள். அவள் நினைத்து வைத்திருந்த ஆளும் இல்லை இவன். ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு, சட்டைக் காலர் நைந்துபோய் இருந்தான்.

"மாவு" என்றாள், வேறு ஒன்றும் தோன்றாமல்.

"மாவா? ஐயோ, அதை அந்தக் குப்பைப் பையில போட்டு மூடிடுங்கம்மா. கையைக் கழுவிக்கங்க. இந்த அறைக்குள்ள அது வந்தா எங்க கதை முடிஞ்சுது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பதறித்தான் சொன்னான். அவள் கழுவுகிற வரை ஒதுங்கி நின்றான். "நீங்க அவங்க அம்மாதானே? அவங்களோட குடுவைதான் இது. கொட்டுறதுக்கு அவங்களுக்கு மனசு வரலை, நான் செய்யறேன்னு சொன்னேன். ரெண்டு வருஷமாப் பாக்கறேன், இவங்களை மாதிரி கை சுத்தமா வேலை செய்யறவங்களைப் பாத்ததில்லை. எப்படி விழுதுன்னே புரியலை. நான்தான் ஏதாவது தப்புப் பண்றேனோன்னு என் பெட்டித் தட்டெல்லாம்கூட ரெண்டு தடவை கழுவிட்டேன்."

நல்லவன் மாதிரிதான் பேசுகிறான் என்று அவள் நினைத்தாள். அதற்காக நம்பிவிடவில்லை. அவன் குடுவையைத் தொட்டிக்கு மேல் பிடித்து, மருந்து ஊற்றுவதற்காக மூடியைத் திருகினான்.

வாசனை வந்தது.

பன்னக்கா ஒரு அடி முன்னால் போனாள். "தம்பி, கொஞ்சம் இரு." குனிந்தாள். இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள். லேசான புளிப்பு, அதற்குக் கீழே கொஞ்சம் இனிப்பு, விடியலில் தொட்டி மேல் போட்ட துணியை விலக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதே ஆவி. கடையில் இருக்கும்போது அவளுக்கு இது வாசனையாகவே தெரியாது. முப்பது வருஷமாக மூக்கிலேயே குடியிருக்கிற சமாச்சாரம். ஒன்றரை மணி நேரம் பஸ் காற்றில் கழுவின மூக்கு இப்போது நன்றாகவே சொன்னது. இது யாரும் வெளியிலிருந்து வந்து போட்டதில்லை. அவள் வீட்டு மாவு.

இரண்டு குளியல், கட்டின முடி, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, ஒட்ட வெட்டிய நகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அப்படியானால் பாப்பாவுக்குத் தெரியும்.

"என்னம்மா?" என்றான் தாடிக்காரன்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இந்த இடத்தில் பன்னக்காவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நடையில் நாலு எட்டு வைக்கிற நேரத்துக்கு, பேசாமல் இருந்துவிடலாமா என்று அவள் நினைக்கத்தான் செய்தாள். தாடிக்காரன் மேலேயே பழி இருந்துவிட்டுப் போகட்டும். இடம் போனால் போகிறது. பாப்பா வீட்டோடு இருப்பாள், மாவு பிசைவாள், இவர் தோள்பட்டைக்கும் ஓய்வு. வாயைத் திறந்தால் என்ன ஆகும்? மாவு படாத இடத்துக்கு மகளை அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் மாவு படாத இடம் ஏது?

பாப்பா மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் உறை.

"அந்தக் கடுதாசியை இப்படிக் கொடு" என்றாள் பன்னக்கா.

"நான் மேடம்கிட்ட கொடுக்கணும்மா."

"கொடுக்க வேண்டாம். அந்தப் பையன் மேல தப்பில்ல. கொடுடீ!"

பாப்பா இறுக்கிப் பிடித்தாள். பன்னக்கா பிடுங்கினாள். மாவு பிசைகிற கையோடு மல்லுக்கட்டிப் பிடுங்குவது லேசில்லை, உறை பாதி கிழிந்துதான் வந்தது. பிரித்துப் படித்தாள். தேதியும் இல்லை, நேரமும் இல்லை. தாடிக்காரன் பெயரே இல்லை. நாலே வரி. சொந்தக் காரணங்களால் இந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், என் இடத்தை என் மூத்த ஆய்வாளருக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"என்னடி இது?"

"என்னால பொய் எழுத முடியாதும்மா. அவர் பண்ணலை."

"உனக்குத் தெரியுமா? நம்ம வீட்டு மாவுன்னு உனக்குத் தெரியுமா?"

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூட இல்லை. "முதல் தடவையே ஒரு சந்தேகம். ரெண்டாவது தடவை மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. ஈஸ்ட். சின்னச் சின்ன மணி மாதிரி, ஒண்ணோட இடுப்புல இன்னொண்ணு முளைச்சு. ரெண்டு தடவை குளிச்சுப் பாத்தேன், தலையை மூடிப் பாத்தேன். மூச்சுலயே இருக்கும்மா அது. நான் அந்த வீட்டுல தூங்கற வரைக்கும் போகாது."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"என்னன்னு சொல்றது? நம்ம வீடுதான் அழுக்கு, நான் கிளம்பறேன்னா? அப்பா தோளை வெச்சுக்கிட்டு யாரு பிசைவா?" பாப்பா எழுந்து நின்றாள். "அதுவும் உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ எல்லாரையும் சந்தேகப்படுவே. உன்னை யாராவது ஒரு வார்த்தை சந்தேகப்பட்டுட்டா ஒரு வாரம் சாப்பிட மாட்டே. மேடம் எங்கிட்ட, வீட்டுல என்ன தொழில், வேற எங்கயாவது இருந்து ஒட்டிக்கிட்டு வருதான்னு கேட்டாங்க. சொந்தத் தொழில்னு சொன்னேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே."

பன்னக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் அந்த அம்மாள் ஊரைக் கூட்டி, மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். அதை நாமே கட்டிப் பூட்டி மகள் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறோம்! யாராவது உள்ளே புகுந்து கெடுத்துவிடுவார்களோ என்று முப்பது வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதற்கு இதுதான் பலன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரப்படுவது என்று முதல் தடவையாக ஆள் அகப்படவில்லை.

கடிதத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே மேடம் முன்னால் போய் நின்றாள். தாடிக்காரனும் அங்கேதான் நின்றான். பக்கத்தில் யார் யாரோ மாமியார்கள், மாமனார்கள்.

"மேடம், நாங்க ரொட்டி சுடறவங்க" என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "கீழ அடுப்பு, மேல வீடு. என் பொண்ணு தினம் காலையில ஒண்ணரை மணி நேரம் ஈஸ்ட் மாவு பிசைஞ்சுட்டுத்தான் இங்க வர்றா. அவ கை சுத்தம். அவ வீடுதான் சுத்தமில்லை. என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஈஸ்ட்னு எனக்கும் தெரியும்மா. ஒரு மாசமா ஏசியைக் கழட்டி மாட்டினேன், தண்ணியை மாத்தினேன். வீட்டுல பேக்கரின்னு யாரும் சொல்லலையே!" தாடிக்காரன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து, இத்தனை நாள் அவனும் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான் என்று பன்னக்காவுக்குப் புரிந்தது.

"விடுதியில ஒரு அறை தரேன்" என்றார் மேடம். "இன்னையிலருந்தே. வீட்டுத் துணி ஒண்ணுகூட வேண்டாம். மூணு சோதனை பண்ணிப் பாத்துடலாம். அதுக்கு எத்தனை நாள் வேணுமோ அதுவரைக்கும் நான் இடத்தைப் பிடிச்சு வெக்கறேன்."

"எழுதிக் கொடுப்பீங்களா?" என்றாள் பன்னக்கா.

"அம்மா!" என்றாள் பாப்பா. மேடம் சிரித்துக்கொண்டே எழுதியே கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கடைகளில் நாலு ஜோடி உடுப்பு, துண்டு, போர்வை, சோப்பு எல்லாம் புதிதாக வாங்கினாள். எதையும் தன் கையால் தொடவில்லை. கடைக்காரனையே எடுத்துப் பையில் போடச் சொன்னாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். விடுதி வாசலில் பாப்பா பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். பன்னக்கா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதே. என் மேலயும் இருக்கு."

மறுநாளிலிருந்து அவளே தொட்டியில் குனிந்தாள். முதல் வாரம் இடுப்பு விட்டுப்போனது. அடுப்புக்காரர் ஒற்றைக் கையால் உதவிக்கு வந்து திட்டு வாங்கினார். கடையில் பாதி ரொட்டிதான் போட முடிந்தது. வாடிக்கையாளர்கள் ஏன் என்று கேட்டார்கள். "என் பொண்ணு ஆராய்ச்சி பண்றா, வீட்டுல இல்லை" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னாள். வீட்டு விஷயம் வெளியே போகிறதே என்று அவர் கிண்டல் செய்தார். போகட்டும் என்றாள்.

பத்தாம் நாள் போன் வர வேண்டும். காலையிலிருந்தே அவள் அதை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கலங்கியிருந்தால் பழி வீட்டு மேல் இல்லை, பாப்பா திரும்பி வந்துவிடலாம். தெளிவாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த வீடு ஆகாது என்று தீர்ந்துபோகும். மத்தியானம் தட்டில் முட்டை தடவிக்கொண்டிருக்கும்போது, கலங்கியிருக்கட்டுமே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பன்னக்கா திடுக்கிட்டுப்போனாள். ஊரில் இருக்கிறவனையெல்லாம் சந்தேகப்பட்டாளே, இந்த ஒருத்தியை விட்டுவிட்டாள்.

போன் அடித்தது.

"அம்மா, தெளிவா இருக்கும்மா. துளிகூடக் கலங்கலை."

அவள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாப் பாத்தியா?"

"நாலு தடவை பாத்தேன்."

"அந்தத் தம்பியைப் பாக்கச் சொன்னியா?"

"அவரும் பாத்தார். மேடமும் பாத்துட்டாங்க. அம்மா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன். ஒரு நாள்தானே, திரும்பிப் போய்த் தலைக்குக் குளிச்சு, துணி மாத்திட்டு, மறுநாள் வேலைக்குப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு மேடமே சொல்லிட்டாங்க."

அடுப்புக்காரர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வரச் சொல்லு, வரச் சொல்லு என்று கையை ஆட்டினார்.

"மேடம் சொல்லுவாங்க" என்றாள் பன்னக்கா. "மேடம் என்னைக்காவது மாவு பிசைஞ்சிருக்காங்களா? முப்பது வருஷமா இதோட குடித்தனம் பண்றவ நான். எங்கெங்க ஒளிஞ்சிருக்கும்னு எனக்குத்தான் தெரியும். நீ வராதே."

"அம்மா, பத்து நாள் ஆச்சும்மா."

"இன்னும் ரெண்டு குடுவை இருக்கு. ரெண்டும் தெளியட்டும். அதுவரைக்கும் இந்தத் தெருப் பக்கம் உன்னைப் பாத்தேன், கதவைச் சாத்திடுவேன். வேலையைப் பாரு, வைடீ போனை."

அவளே வைத்துவிட்டாள்.

"ஏம்மா, பிள்ளை ஆசையா வரேன்னா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்று அவள் கத்தினாள். பிறகு மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு, கடையில் ஆள் நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். இரண்டு பன் வாங்க வந்தவர் எதுவும் கேட்காமல் அங்கேயே காத்துக்கொண்டு நின்றார்.